ஒட்டு லாடம் கேட்ட வீடு

காலை ஆறு பத்து. முதலில் என் கண்ணில் பட்டது குதிரை அல்ல, அது நின்ற இடத்தின் ஈரம். கொட்டகைத் தரை முழுவதும் காய்ந்து கிடந்தது. குதிரையின் முன்னங்கால்கள் ஊன்றியிருந்த இடத்தில் மட்டும் சேறு. அந்தச் சேற்றின் ஓரம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடித்ததன் மேல் புதுச் சேறு படிந்து, அதுவும் காய்ந்து, அதன் மேல் இன்னோர் அடுக்கு. ஒரு வேளை தண்ணீர் ஊற்றினால் மண் அப்படி ஆகாது.

அடுத்துப் பார்த்தது கயிற்றுக் கட்டிலின் மேல் கிடந்த கூரியர் பார்சல். பிரித்திருந்தது. உள்ளே அலுமினிய லாடம் ஒரு ஜோடி, அடியில் வைக்கும் ரப்பர் மெத்தை, இரட்டைக் குழாயில் பசை. ஆணி இல்லை.

குதிரையை மூன்றாவதாகத்தான் பார்த்தேன். செந்நிறப் பெண் குதிரை. வீட்டில் செவலை என்று கூப்பிட்டார்கள். முன்னங்கால்களை எட்டி முன்னால் நீட்டி, பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் இழுத்து வைத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் பின்னால் தள்ளி நின்றது. அந்த நிற்பை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். லேமினைட்டிஸ், குளம்பு அழற்சி.

உரிமையாளர் செல்வம். குன்னம் பக்கத்தில் மக்காச்சோளம் அடிக்கும் இயந்திரம் வைத்து ஊர் ஊராகப் போகிறவர். குதிரைவண்டி எல்கைப் பந்தயத்தில் செவலையை நடுக்குதிரைப் பிரிவில் ஓட்டியவர். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன்.

"இன்னிக்குக் காலையிலதாங்க. ராத்திரி நல்லா நின்னுச்சு."

என்ன தின்றது என்றேன். எப்போதும் போலப் புல்லும் தவிடும் என்றார். பிறகு, நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள், "ஒட்டு லாடம் ஒட்டிருங்க டாக்டரம்மா. ஆணி வேணாம்" என்றார்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குப் புதிதாகக் கால்நடை மருத்துவர்களாகப் பணிக்கு வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது. இங்கே உங்களுக்கு மாடும் ஆடும்தான் அன்றாடம். குதிரை எப்போதாவது வரும். வரும்போது கேள்வியாக வராது. வேண்டிய பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமான நோயைச் சொல்லித்தான் உரிமையாளர் நம்மை அழைப்பார்.

இன்று காலையில்தான் நொண்டத் தொடங்கிய குதிரைக்கு, நேற்றே பார்சல் வந்து சேர்ந்திருக்கிறது. பல நாள் தண்ணீர் ஊற்றிய மண். ஸ்கூட்டரை நிறுத்தும்போது, பால் கேனோடு நின்றிருந்த எதிர்வீட்டுக்காரர் நான் கேட்காமலே ஒரு செய்தி சொல்லியிருந்தார்: "ஞாயித்துக்கெழம வரதராசம்பேட்டலேருந்து குதிரைய பாக்க வராங்க. அதுக்குள்ள எழுப்பி நிக்க வச்சிருங்க." அன்று வெள்ளிக்கிழமை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். குதிரை வாங்க வருகிறவர் பல்லைப் பார்ப்பார். தார் ரோட்டில் ஓட்டிக் காட்டச் சொல்வார். கடைசியில் காலைத் தூக்கி அடியைப் பார்ப்பார். ஒட்டு லாடத்துக்குக் கீழே மெத்தை வைத்து மூடிவிட்டால் அடி தெரியாது. வலி ஊசி ஒன்று போட்டால், மெத்தையின் தயவில் தார் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தும் காட்டிவிடும். வாங்கியவர் வீட்டில் போய் விழும்.

செல்வத்தைப் பற்றி அந்த நிமிஷத்தில் நான் முடிவு செய்துவிட்டேன். அதில்தான் ஆபத்து இருந்தது.

ஏன் என்று சொல்வதற்கு இந்த நோயை இரண்டு வரியில் நினைவுபடுத்துகிறேன். குதிரையின் குளம்புக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. நகம் விரலைப் பிடித்திருப்பதுபோல் குளம்பின் உட்சுவர் அதைப் பிடித்துத் தாங்குகிறது. அளவு மீறித் தானியம் தின்றால் அந்தப் பிடி வீங்கித் தளரும். பிடி தளர்ந்தால் எலும்பின் முனை கீழே திரும்பும். முற்றினால் உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பிறகு நம்மிடம் மிச்சம் இருப்பது ஒரே ஓர் ஊசிதான். அதைப் போட்டபின் குதிரை எழாது.

இப்படி நொந்த குளம்பில் ஆணி அடித்தால் சுத்தியலின் ஒவ்வோர் அடியும் தளர்ந்த பிடியில் போய் விழும். பசைக்குச் சுத்தியல் வேண்டாம். ஆகவே பாடப்படி பார்த்தால் செல்வம் கேட்டது சரி. ஏமாற்ற நினைப்பவருக்கும் அதே பசைதான் வசதி. நோய்க்கு உகந்த வைத்தியமும் மோசடிக்கு உகந்த மறைப்பும் ஒரே பொருளாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஆள்மேல் உள்ள சந்தேகத்தில் பசையை மறுத்தால் தண்டனை குதிரைக்குப் போகிறது. பாடத்தை நம்பிப் பசையை ஒட்டினால் மோசடிக்கு நாமே கையெழுத்துப் போட்டதாகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த மருத்துவர் இருந்தார். சந்தேகப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. காப்பீடு செய்த கறவை மாடு ஒன்று கீழே விழுந்து கிடந்தது. உரிமையாளரே விஷம் வைத்திருப்பார் என்று அவருக்குப் பட்டது. காதுத் தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அண்டை வீட்டாரைக் கூப்பிட்டு விசாரித்தார், கொட்டகையைச் சுற்றி வந்தார். அவர் சுற்றி முடிப்பதற்குள் மாடு செத்துவிட்டது. கன்று போட்ட மறுநாள் வரும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. ஒரு பாட்டில் ஏற்றியிருந்தால் எழுந்து நின்றிருக்கும். அவர் கெட்டவர் இல்லை. சந்தேகத்தை மனிதர்கள் மேலேயே செலவழித்துவிட்டார், மாட்டுக்கு எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

அது நினைவில் இருந்ததால் செல்வத்தை விட்டுவிட்டுக் குளம்புக்குப் போனேன்.

முன்னங்குளம்புகள் இரண்டும் சுட்டன. குளம்புக்கு மேலே பின்பக்கம் விரல் வைத்தால் நாடி துள்ளியது, இரண்டு காலிலும். ஆனால் செவலை பாரத்தை இரண்டு காலிலும் ஒரே மாதிரி வைக்கவில்லை. வலது காலை ஊன்றுவதும் உடனே எடுப்பதுமாக இருந்தது. வலது குளம்பின் சேற்றைத் துடைத்தேன். சுவரைச் சமீபத்தில் அரம் போட்டு ராவியிருந்தார்கள். ராவிய இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். நகத்தால் கீறினேன். மெழுகு வந்தது. மெழுகுக்குக் கீழே துளை.

புது ஆணித் துளைகள். யாரோ லாடம் அடித்திருக்கிறார்கள். அடித்ததைப் பிடுங்கியிருக்கிறார்கள். துளையை அடைத்து, ராவி, மேலே மண் பூசியிருக்கிறார்கள்.

லாடம் யார் கட்டியது என்று கேட்டேன். யாரும் கட்டவில்லை, பழைய லாடம் பந்தயத்தோடு கழன்று விழுந்துவிட்டது என்றார் செல்வம். பழைய துளை இவ்வளவு மேலே இருக்காது, குளம்பு வளர வளர அதுவும் கீழே இறங்கியிருக்கும் என்றேன். அவர் கட்டிலில் இருந்த பசைக் குழாயை எடுத்துப் படிப்பதுபோல் பார்த்தார். அடுப்படி வாசலில் நின்றிருந்த அவர் மனைவி கலா உள்ளே போனார். அடுப்பு எரியவில்லை.

இந்த நேரத்தில் லாடக்காரர் வந்தார். பெயர் தாஸ். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை, ஷிப்டு இல்லாத நாளில் குதிரைகளுக்கு லாடம். வெளியூரில் பந்தய லாயம் ஒன்றில் சில வருஷம் இருந்து கற்றவர். இரு மாவட்டத்திலும் ஒட்டு லாடம் ஒட்டத் தெரிந்தவர் அப்போது அவர் ஒருவர்தான். பைக்கை நிறுத்தியபடியே என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

"முந்தாநேத்தே வந்திருக்கணும் மேடம். ஷிப்ட மாத்த முடியல. அண்ணன் திங்கக்கெழமலேருந்து போன் மேல போன்."

செல்வம் கூரையைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய் வெளிப்படும் இடத்தில் உடனே அதைப் பிடித்து ஆட்டாதீர்கள். சொன்னவர் அதைக் காப்பாற்ற இன்னொரு பொய் தேடுவார், நமக்கு வேண்டிய நேரம் அதில் போய்விடும்.

தாஸ் குளம்பைத் தொட்டுப் பார்த்தார், நாடி பார்த்தார், பசை கலக்கும் தட்டை எடுத்தார். வலது காலில் சீழ் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன் என்றேன். சீழ் இருக்கும் குளம்பை மெத்தை வைத்துப் பசையால் மூடினால் அது போக வழியில்லாமல் மேலே ஏறும், தளர்ந்திருக்கும் பிடியை மொத்தமாக அறுத்துவிடும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"சீழ்னா ஒரு கால்லதானே மேடம் சூடு இருக்கணும்? இதுக்கு ரெண்டும் கொதிக்குது. இது லேமினைட்டிஸ்தான். ஆணி அடிச்சா தாங்காது. பசதான் இதுக்கு."

அவர் சொன்னதில் ஒரு வாக்கியம்கூடத் தவறில்லை. எல்லா வாக்கியமும் சரியாக இருந்து முடிவு மட்டும் தவறாக இருக்கும் இடங்கள் நம் தொழிலில் நிறைய உண்டு. நான் சொன்னேன், "ரெண்டும் சேர்ந்து இருக்கலாம்ல தாஸ்? நோய் வரிசையிலயா வருது?"

செல்வம் அதற்குள் பொறுமை இழந்துவிட்டார். மாட்டு டாக்டருக்குக் குதிரை பிடிபடாது என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள், தான்தான் கேட்கவில்லை என்று கூரையிடம் சொன்னார். சீழுக்கு மாடு குதிரை வித்தியாசம் தெரியாது என்று நானும் கூரையிடமே சொன்னேன். தாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். செல்வம் என் மருந்துப் பையைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க ஒட்டலன்னா பரவால்லீங்க. ஊசி மட்டும் போட்டுட்டுப் போங்க. தாஸு ஒட்டிப்பாரு."

அவரால் அது முடியும். குதிரை அவருடையது, பசை அவருடையது, லாடக்காரர் அவர் அழைத்து வந்தவர். நான் கிளம்பினால் அரை மணி நேரத்தில் இரண்டு குளம்பும் மூடப்பட்டிருக்கும். கோபித்துக்கொண்டு கிளம்புவது அந்த நேரத்தில் எனக்கு மிகச் சுலபம். அப்படிக் கிளம்பி வந்த வீடுகள் உங்களுக்கும் வரும்.

குளம்பை அழுத்திப் பார்க்கும் குறட்டைத் தாஸ் கையில் கொடுத்தேன். நான் அழுத்தினால் நான் நினைத்த இடத்தில்தான் வலிக்கிறது என்று சொல்வீர்கள், நீங்களே அழுத்துங்கள் என்றேன். இடது குளம்பில் முனைப்பக்கம் முழுக்க வலி, ஒரே சீராக. வலது குளம்பிலும் முனையில் வலி. ஆனால் வெளிப்பக்கம் இரண்டாவது துளைக்கு நேராகக் குறடு வந்தபோது செவலை காலைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தது. தாஸ் மறுபடி வைத்தார். மறுபடியும் அதே இடம். அவர் குறட்டைக் கீழே வைத்துவிட்டு, "இந்த ஆணி யாரு அண்ணே அடிச்சது?" என்று கேட்டார். தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பற்றிக் கேட்கும் குரல்.

கலா அடுப்படி வாசலுக்கு வந்திருந்தார்.

"மாமா, சொல்லிருங்க."

அவர் செவலையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப நான் சொல்றேன். எந் தம்பி பாலுதாங்க அடிச்சான்."

கலா சொன்னது இது. போன வாரம் செல்வம் இயந்திரத்தோடு கள்ளக்குறிச்சிப் பக்கம் போயிருந்தார். மாசி மாதம். ரோட்டில் பாதி அகலத்துக்கு எல்லாரும் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். இரவில் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ச் சோளத்தில் வாய் வைத்துவிட்டது. விடிந்து பார்த்தபோது வயிறு ஊதி நின்றது. மறுநாள் வயிறு வாடிவிட்டது, ஆகவே சரியாகிவிட்டது என்று கலா நினைத்தார். அதற்கு அடுத்த நாள் நொண்டத் தொடங்கியது. செல்வத்துக்குச் சொல்லப் பயந்து தம்பியைக் கூப்பிட்டார். தம்பி மாடுகளுக்கு லாடம் கட்டுகிறவர்.

"வண்டி மாடு நொண்டுனா லாடம் தேஞ்சிருக்கும்னுதானே பாப்பாங்க. அவனும் அப்படித்தான் பாத்தான். புதுசு கட்டுனா நடக்கும்னான். கட்டுன அன்னிக்குச் சாயந்தரமே படுத்துருச்சு."

செல்வம் திரும்பி வந்து ஆணிகளைப் பிடுங்கினார். துளையில் மண் போகக்கூடாது என்று மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினார். போனில் தேடிப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினார், ஒட்டு லாடம் வரவழைத்தார். அன்று காலை வரை என்னை அழைக்கவில்லை. அழைத்தால் ஆணி யார் அடித்தது என்று கேட்பேன்.

"ஒரு குதிரைய முடமாக்கிட்டான்னு பேரு வந்துட்டா அப்புறம் எவன் அவன்கிட்ட மாட்ட ஓட்டிட்டு வருவான்? ரெண்டு சின்னப் புள்ளைங்க வச்சிருக்கான்." இதைச் சொன்னது செல்வம். அன்று காலை அவர் சொன்னதில் என்னை நேராகப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நம்பினீர்களா என்று கேட்டால், பாதி நம்பினேன். சேற்றுக்கும் மெழுகுக்கும் பார்சலுக்கும் அந்தக் கதை பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் வரதராஜன்பேட்டைக்காரருக்குப் பொருந்தவில்லை. அவரைப் பற்றி நான் கேட்கவில்லை. எந்த ஆணி, எந்தத் துளை, எத்தனை நாள் ஆயிற்று, என்ன தின்றது. குளம்புக்கு வேண்டிய தகவல் அவ்வளவுதான், அது கிடைத்துவிட்டது. மற்றது குளம்புக்கு வேண்டாம். கேட்டிருந்தால் கலா மறுபடி உள்ளே போயிருப்பார்.

வலது காலைத் தூக்க வேண்டும். தூக்கினால் முழுப் பாரமும் இடது காலுக்குப் போகும், அதுவும் நொந்த கால். கலா வீட்டில் இருந்த தெர்மாகோல் அட்டைகளைக் கொண்டு வந்தார். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக இடது குளம்பின் கீழ் வைத்து நிறுத்தினோம். தாஸ் காலைப் பிடித்தார், செவலை நடுங்கியது, விட்டோம். கொஞ்சம் பொறுத்து மறுபடி பிடித்தோம், மறுபடி விட்டோம். ஒவ்வொரு முறையும் சில நொடிதான் கிடைத்தது. ஆணி போன தடத்திலேயே குளம்புக் கத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். கை தவறி ஆழமாகப் போனால் நல்ல தசையைத் திறந்துவிடுவேன். நின்றுவிட்டால் சீழ் உள்ளேயே நிற்கும். கறுப்பு நிறத்தில் தண்ணீர் போல அது வெளியே வந்தபோது தாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நாற்றம் உங்களுக்குத் தெரியும். செவலை நீளமாக மூச்சு விட்டு, முதல் முறையாக வலது காலை ஊன்றி அப்படியே வைத்திருந்தது.

டெட்டனஸ் ஊசி போட்டேன். பேதி உப்பில் பற்று வைத்துக் கட்டினேன். இரண்டு குளம்புக்கும் தெர்மாகோலை வெட்டி அடியில் வைத்து டேப் சுற்றினோம். தானியம் ஒரு பிடிகூடக் கூடாது, கொட்டகையில் மணல் கொட்டிப் படுக்க விடுங்கள் என்றேன்.

"மணலா?" என்றார் செல்வம். "வூடு கட்டறதுக்கே கெடைக்கலீங்க."

லாடம் எப்போது என்று கேட்டார். இப்போது இல்லை என்றேன். பசையா ஆணியா என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு, இப்போது எதுவும் வேண்டாம் என்ற பதில் இருப்பதே ஞாபகம் வராது. இரண்டில் ஒன்றை எடு என்று யாராவது உங்களை அவசரப்படுத்தினால், அவசரம் யாருடையது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது நோயுற்ற பிராணியுடையதாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கட்டு மாற்றப் போனேன். உண்மையைச் சொன்னால், கட்டைச் சனிக்கிழமையே மாற்றியிருந்தேன். ஞாயிறு மறுபடி போனது வருகிறவரைப் பார்க்க. வந்தவர் வெள்ளை வேட்டி கட்டிய வயதானவர், முந்திரி வியாபாரி. கூட இரண்டு பேர். கேட்காத தகவலை நாமாகச் சொல்லக்கூடாது, கேட்டால் மறைக்கக்கூடாது என்பது என் வழக்கம். ஆனால் அன்று செல்வம் பொய் சொன்னால் கேட்காமலே சொல்லிவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன்.

செவலை மணலில் படுத்திருந்தது. மணல் எங்கிருந்து வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. செல்வம் வந்தவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சோளத்தத் தின்னுட்டுக் காலு போச்சுங்க. இப்பதான் வைத்தியம் நடக்குது" என்றார். நான் அங்கே நிற்காவிட்டாலும் அதைச் சொல்லியிருப்பாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆணி பற்றி அவரும் சொல்லவில்லை, வந்தவரும் கேட்கவில்லை.

வந்தவர் செய்ததுதான் எனக்கு விநோதமாக இருந்தது. குதிரை வாங்க வந்தவர் குளம்பைப் பார்க்கவே இல்லை. டேப் சுற்றிய கால்களைத் தாண்டிப் போய், பின்பக்கம் உட்கார்ந்து, வாலை ஒதுக்கிப் பார்த்தார். மடியைத் தொட்டுப் பார்த்தார். இடுப்பெலும்பின் அகலத்தைக் கையால் அளந்தார். எத்தனை வயது என்று கேட்டார். இதன் தாய் எது என்று கேட்டார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, கால் தேறட்டும், தேறினதும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

இந்தக் காலோடு இது இனி பந்தயத்தில் ஓடாது என்று செல்வமே சொன்னார்.

"ஓட்டறதுக்கு யாரு கேட்டா? குட்டி எடுக்கத்தான் கேக்கறேன். மொதல்லயே சொல்லியிருந்தா நீங்க வெல ஏத்திருப்பீங்க."

கலா டீ கொண்டு வந்தார். நொண்டும் குதிரையை விற்க ஒருவர் மறைத்திருந்தார், நொண்டினாலும் வேண்டும் என்பதை இன்னொருவர் மறைத்திருந்தார். நடுவில் ஒரு குளம்பு பசைக்குள் போக இருந்தது.

அதன் பிறகு நடந்தது பொறுமை வேலை. திருச்சியிலிருந்து ஒரு தனியார் மருத்துவர் கையில் தூக்கி வரும் எக்ஸ்ரே கருவியோடு வந்தார். இரண்டு குளம்பிலும் எலும்பு கொஞ்சம் திரும்பியிருந்தது, அடியைத் தொடும் அளவுக்கு இல்லை. வாரங்கள் போய் நாடி அடங்கியது, சூடு தணிந்தது, வலி ஊசி இல்லாமல் மணலைவிட்டு எழுந்து நடந்தது. அப்போதுதான் லாடப் பேச்சை எடுத்தோம்.

தாஸ் இரண்டுக்கும் பசை என்றார். இடதுக்குச் சரி என்றேன். அந்தக் குளம்புச் சுவர் முனையில் விரிந்து வலுவிழந்திருந்தது, ஆணி தாங்காது, உள்ளே சீழும் இல்லை. வலது காலில் நான் வெட்டிய குழி இன்னும் ஆறிக்கொண்டிருந்தது. அதை நாலு நாளுக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பசை போட்டால் திறக்க முடியாது, திறக்க அறுத்தால் ஒவ்வொரு முறையும் சுவர் பிய்யும். பசை இறுகும்போது எழும் சூடும் அந்தக் குழிக்கு ஆகாது. ஆணி லாடத்தில் கழற்றி மாட்டும் தகடு ஒன்றைத் திருகாணியால் பொருத்தலாம். வலி அடங்கிவிட்ட குளம்பில், பின்பக்கம் நல்ல சுவராகப் பார்த்து மெல்லிய ஆணி அடித்தால் தாங்கும். ஒரே குதிரைக்கு இரண்டு விதமா, பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றார் தாஸ். சிரிக்கட்டும், உயரம் மட்டும் இரண்டும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

உங்களில் சிலர் என்னிடம் போனில் கேட்கிறீர்கள்: லேமினைட்டிஸ் என்றால் எது நல்லது, ஒட்டா ஆணியா? குதிரைக்கு என்று ஒரு பதில் இல்லை. இந்தக் காலுக்கு, இந்த வாரம் என்றுதான் பதில் உண்டு. அந்தக் காலுக்கு முன்னால் என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் முழுதாகச் சொல்லப் போவதில்லை. சொல்லாததற்கு அவர்களிடம் காரணம் இருக்கும். அது கெட்ட காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நல்லதாக இருந்தாலும் சீழ் அதே சீழ்தான்.

லாடம் கட்டிய அன்று பாலு வந்திருந்தார். கலா வரச் சொல்லியிருக்கிறார். செவலையின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாஸ் சுத்தியலை எடுத்தபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாவது ஆணி இறங்கும்போது திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். ஆணி இவ்வளவு மெல்லிசா என்று கேட்டார். மாட்டு ஆணியில் பாதிகூட இல்லை என்று தாஸ் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். யார் எப்போது என்ன அடித்தார்கள் என்ற பேச்சு அங்கே எழவில்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும் பால் கேனை வைத்துவிட்டு வந்து, என்ன நோய் என்று என்னைக் கேட்டார். சோளம் தின்றுவிட்டது என்றேன்.

சித்திரையில் முந்திரி வியாபாரி மினி லாரி எடுத்துக்கொண்டு வந்தார். பலகைச் சரிவில் முதல் அடி வைக்க செவலை தயங்கியது, பிறகு தானாக ஏறியது. வரதராஜன்பேட்டைக்குப் போனபோது அதன் இடது முன்னங்காலில் ஒட்டு லாடமும், வலது முன்னங்காலில் ஆணி லாடமும் இருந்தன.